சோனி ஏ7ஆர் 5 வாங்கவா, நிக்கான் இசட் 8 வாங்கவா?

கேள்வி: அண்ணா, கும்பகோணத்தில் கல்யாண போட்டோகிராபராக இருக்கிறேன். வீடியோவுக்குத் தனி ஆள் உண்டு, நான் ஸ்டில்ஸ் மட்டும். கையில் நிக்கான் டி750 இருக்கிறது. லென்ஸ்கள் 24-70 எஃப்2.8, 70-200 எஃப்2.8, 85 எஃப்1.8ஜி, 50 எஃப்1.8டி. முகூர்த்தம் இல்லாத நாட்களில் கரைவெட்டி, கோடியக்கரை என்று பறவை எடுக்கப் போவேன், அதற்கு 200-500 வைத்திருக்கிறேன். இப்போது கடன் போட்டு ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வாங்கப் போகிறேன். சோனி ஏ7ஆர் 5, நிக்கான் இசட் 8 இரண்டில் ஒன்று. 61 மெகாபிக்சல் கிடைக்கும்போது 45 எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, இசட் 8 வாங்குங்கள். நீங்கள் செய்யும் வேலைக்கும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் லென்ஸ்களுக்கும் அதுதான் பொருந்தும். கடன் போட்டு வாங்குகிறீர்கள் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 61. ஏ7ஆர் 5 எடுக்கும் படம் 9504×6336 பிக்சல், இசட் 8 எடுப்பது 8256×5504. அகலத்தில் கணக்குப் போட்டால் சோனி 15 சதவீதம்தான் கூடுதல். இதை உங்கள் ஆல்பத்தில் வைத்துப் பாருங்கள். 12×36 ஆல்பத்தில் ஒரு பக்கம் 12×18 அங்குலம், அதை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சடிக்க 5400×3600 பிக்சல் போதும். இசட் 8இல் டிஎக்ஸ் க்ராப் போட்டு, அதாவது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வைத்து எடுத்தாலே 5392×3592 வந்துவிடுகிறது, எட்டு பிக்சல்தான் குறைவு. பாதிக்கு மேல் வெட்டி எறிந்த பிறகும் ஒரு முழுப்பக்கத்துக்கு ஏறக்குறைய வந்துவிடும் என்றால், கல்யாண வேலைக்கு 45க்கு மேல் எதற்கு? சோனியில் 26 மெகாபிக்சலாகக் குறைத்து ரா (பிறகு திருத்துவதற்கு வசதியான மூலப் படக் கோப்பு) எடுக்கும் வசதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் 61க்காகக் காசு கொடுத்து வாங்கிவிட்டு முகூர்த்தம் முழுக்க 26இல் எடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

உங்களுக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியப்போவது சென்சாரின் வேகத்தில். 2023இல் வந்த இசட் 8இல் இருப்பது ஸ்டாக்டு சென்சார், அதாவது வேகமாக வாசிப்பதற்காகச் சுற்றுகளை அடுக்கடுக்காக வைத்த சென்சார். படம் முழுவதையும் மேலிருந்து கீழாக வாசித்து முடிக்க அதற்கு ஒரு நொடியில் ஏறக்குறைய 270இல் ஒரு பங்கு நேரம் போதும். ஏ7ஆர் 5 எலக்ட்ரானிக் ஷட்டரில் (ஷட்டர் திரை அசையாமல் சென்சாரே படத்தைப் பதிவது) அதே வேலைக்குப் பத்தில் ஒரு பங்கு நொடி எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் பறவை சிறகை ஒருமுறை அடித்துவிடும், படத்தில் சிறகு வளைந்துபோய்த் தெரியும். அதனால் சோனியில் பறக்கும் பறவையை மெக்கானிக்கல் ஷட்டரில்தான் எடுக்க முடியும், நொடிக்கு 10 படம் வரை. இசட் 8இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. சத்தமில்லாமல் நொடிக்கு 20 ரா வரும், வியூஃபைண்டரும் நடுவில் இருட்டடிக்காது, பறவை எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இன்னொன்று, ப்ரீ-ரிலீஸ் கேப்சர். மீன்கொத்தி கிளையில் உட்கார்ந்திருக்கிறது, எப்போது பாயும் என்று தெரியாது. பட்டனைப் பாதி அழுத்திக் காத்திருந்தால் போதும், அது பாய்ந்த பிறகு நீங்கள் முழுதாக அழுத்தினாலும் அதற்கு முந்தைய ஒரு நொடி வரை கேமரா சேர்த்து எடுத்துக் கொடுக்கும். ஜேபெக்கில் மட்டும்தான் இது வேலை செய்யும், ராவைப்போல் அவ்வளவு திருத்த முடியாது, அதனால் எக்ஸ்போஷரை முன்கூட்டியே சரியாக வைத்துவிடுங்கள். ஏ7ஆர் 5இல் இந்த வசதி இல்லை. பறவையின் கண்ணைக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்வதில் இரண்டுமே கெட்டி; இசட் 8க்குப் பறவைக்கென்று தனி மோடு 2024 பிப்ரவரியில் வந்த 2.00 ஃபர்ம்வேரில்தான் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) சேர்ந்தது, பெட்டியைப் பிரித்ததும் ஃபர்ம்வேர் எந்த வெர்ஷன் என்று பாருங்கள்.

மண்டபத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத கேமராவில் புதிதாக எடுப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், எனவே ட்யூப்லைட்டும் மலிவான எல்இடி சீரியல் செட்டும் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகம் 1/100 அல்லது 1/50 நொடியில் எடுத்தால் தொல்லை இல்லை, அதற்கு மேலே போனால் படத்தில் பட்டை பட்டையாக விழ வாய்ப்பு உண்டு. ரிசப்ஷனில் மேடைக்குப் பின்னால் எல்இடி வால் (பெரிய எல்இடி திரை) வைத்திருந்தால் அது வேறு வேகத்தில் மினுக்கும். அதற்கு இசட் 8 மெனுவில் ஹை-ஃப்ரீக்வென்சி ஃப்ளிக்கர் ரிடக்ஷன் என்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் ஷட்டர் வேகத்தை மிகச் சிறிய படிகளில் நகர்த்தலாம், வியூஃபைண்டரில் பட்டை மறைகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். மாப்பிள்ளை, பெண் மேடை ஏறுவதற்கு முன்பே இதைச் செய்து வைக்க வேண்டும். கெட்டிமேளம் கொட்டும்போது மெனுவைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது.

ஃப்ளாஷ் போடும்போது ஷட்டர் வேகம் சோனியில் 1/250 வரை போகும், இசட் 8இல் 1/200 என்று வைத்துக்கொள்ளுங்கள், மண்டபத்துக்குள் இது ஒரு பொருட்டே இல்லை. ஹோமப் புகைக்கும் அட்சதைக்கும் நடுவில் லென்ஸ் மாற்றுகிறீர்கள் அல்லவா, இசட் 8ஐ ஆஃப் செய்ததும் சென்சாருக்கு முன்னால் ஒரு மூடி இறங்கிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த சமாச்சாரம் அது.

அப்புறம் லென்ஸ். 24-70, 70-200, 85, 200-500 நான்கும் ஏஎஃப்-எஸ் என்றால், அதாவது மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருந்தால், எஃப்டிஇசட் 2 அடாப்டர் மாட்டிக்கொண்டு ஆட்டோஃபோகஸோடு அப்படியே வேலை செய்யும். 50 எஃப்1.8டியில் மட்டும் மோட்டார் இல்லை, அது கேமரா பாடியில் இருக்கும் மோட்டாரை நம்பிய லென்ஸ், மிரர்லெஸ்ஸில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆக, இன்றைக்கு நீங்கள் பாடியும் அடாப்டரும் வாங்கினால் போதும். சோனிக்குப் போனால் 24-70, 70-200, 200-600 மூன்றையும் புதிதாக வாங்கியாக வேண்டும், பாடியின் விலையைவிட லென்ஸ் செலவுதான் பெரிதாக நிற்கும். நிக்கான் லென்ஸைச் சோனியில் மாட்ட அடாப்டர்கள் கிடைக்கின்றன, ஆனால் தாலி கட்டும் நேரத்தை நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு அவற்றை நான் சொல்ல மாட்டேன். டி750யையும் விற்காதீர்கள். அதே லென்ஸ் இரண்டு பாடியிலும் உட்காரும், ஒன்று படுத்தால் இன்னொன்று கைகொடுக்கும்.

ஏ7ஆர் 5ஐக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதன் வியூஃபைண்டர் 94.4 லட்சம் புள்ளி, இசட் 8இல் 36.9 லட்சம்தான், கண்ணை வைத்துப் பார்த்த உடனே தெரிந்துவிடும். எடை 723 கிராம், இசட் 8 910 கிராம். நலங்கில் ஆரம்பித்துக் கட்டுச்சாதம் வரைக்கும் கழுத்தில் தொங்குகிற பொருள், அந்த 187 கிராம் மாலையில் தோளில் தெரியும். பேட்டரியும் சோனியில்தான் அதிக நேரம் வரும். சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் சோனிக்குக் கிடைக்கிற அளவுக்கு நிக்கான் இசட் மவுண்டுக்குக் கிடைப்பதில்லை. கையில் ஒரு லென்ஸும் இல்லாமல் பட்டுப்புடவை, நகை என்று விளம்பரப் படம் எடுக்கிற ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் சோனி என்று சொல்லியிருப்பேன்.

செலவுக் கணக்கில் பாடி விலையோடு நிறுத்திவிடாதீர்கள். இசட் 8இல் ஒரு ஸ்லாட் சிஎஃப் எக்ஸ்பிரஸ் டைப் பி, இன்னொன்று எஸ்டி. கல்யாணத்தில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள், கார்டு போனால் திரும்ப எடுக்க முடியாத வேலை இது. அப்படி வைக்கும்போது எஸ்டியின் வேகத்துக்குத்தான் கேமரா ஓடும், அதனால் பறவைக்குப் போகும்போது சிஎஃப் எக்ஸ்பிரஸ் ஒன்றில் மட்டும் பதியுங்கள். கூடுதலாக இரண்டு இஎன்-இஎல்15சி பேட்டரி வேண்டும். ஆல்பம் டிசைன் செய்பவர் இன்னும் பழைய போட்டோஷாப் சிஎஸ்6 வைத்திருந்தால் இந்த இரண்டு கேமராவின் ரா ஃபைலும் அதில் திறக்காது. அடோபி இலவசமாகக் கொடுக்கும் டிஎன்ஜி கன்வர்ட்டரில் மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருக்கும், இதை இப்போதே அவரிடம் பேசிவிடுங்கள்.

பில் இல்லாமல் குறைந்த விலைக்கு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், இந்திய வாரண்டி கார்டில் சீரியல் நம்பரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணைப் போட்டே பில் கேளுங்கள், கேமராவுக்குக் கட்டுகிற 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். தொகை சின்னதில்லை.

வாங்குவதை ஆடியில் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. ஒரு மாதம் கல்யாணம் இல்லை, வீட்டு விசேஷம் எதற்காவது எடுத்துப் பழகிவிடலாம். ஆவணி முகூர்த்தங்களில் முதல் இரண்டு, மூன்றுக்கு டி750யைப் பிரதானமாகவும் இசட் 8ஐத் துணையாகவும் வைத்துக்கொண்டு, எல்இடி விளக்கெல்லாம் பிடிபட்ட பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். மார்கழியில் எப்படியும் முகூர்த்தம் இருக்காது, கோடியக்கரையில் பூநாரைகள் வந்திருக்கும், 200-500ஐ அப்போது மாட்டிப் பாருங்கள்.