உளமும் உத்தரவாதமும்

கேள்வி: இரு மாநிலங்களை இணைக்கும் பழைய பாலங்களைச் செப்பனிடப் பணமில்லை என்று அமெரிக்காவிலேயே கையை விரிக்கிறார்களாமே? அண்டை அரசுகள் உளப்பூர்வமாக ஒத்துழைத்தால் தீராதா? பழையவற்றை இடித்துவிடுவதுதான் வழியா?

பதில்: உளத்துக்கு அங்கே ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. ஒஹாயோவின் சின்சினாட்டியையும் கென்டக்கியின் கவிங்டனையும் ஒஹாயோ ஆற்றின் குறுக்கே இணைக்கும் பிரென்ட் ஸ்பென்ஸ் பாலம் 1963-இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 80,000 வண்டிகளுக்கெனக் கட்டப்பட்ட அது, பின்னாளில் ஏறக்குறைய இருமடங்கைச் சுமக்கலாயிற்று. நெரிசலைச் சமாளிக்க, பழுதான வண்டி ஒதுங்கி நிற்பதற்கென்று விட்டிருந்த ஓரத்தையும் 1980-களில் ஓடுதடமாக்கிவிட்டார்கள். பழுதான வண்டிக்கு நிற்க இடமில்லையே தவிர, அதிபர்கள் நின்று பேசுவதற்குப் பாலத்தின் அருகே எப்போதும் இடமிருந்தது. 2011-இல் ஒபாமா அதைப் பின்னணியாக வைத்து உரையாற்றினார். 2023 ஜனவரியில் பைடன் வந்தபோது எதிர்க்கட்சியின் செனட் தலைவர் மெக்கானலும் இரு மாநில ஆளுநர்களும் உடன் நின்றார்கள். இடையில் 2020 நவம்பரில் இரண்டு லாரிகள் மோதித் தீப்பிடித்ததில், பாலமே ஆறு வாரங்கள் மூடிக் கிடந்தது. அத்தனை உளங்களும் கூடியிருந்தும், செலவை யார் ஏற்பது என்ற கேள்வி மட்டும் ஆண்டுக்கணக்கில் ஆற்றின் நடுவிலேயே நின்றது.

சுங்கம் வசூலிக்கலாம் என்ற யோசனையைக் கென்டக்கி சட்டமன்றம் 2016-இல் சட்டமியற்றியே தடுத்தது. கூட்டாட்சி அரசின் பெட்ரோல் வரியோ கேலனுக்கு 18.4 சென்ட் என்ற அளவில் 1993 முதல் அசையாமல் இருக்கிறது. இரும்பும் சிமெண்டும் கூலியும் அந்தக் கட்டுப்பாட்டை மதிக்கவில்லை. கடைசியில் 2022 டிசம்பரில் கூட்டாட்சி அரசே 160 கோடி டாலருக்கு மேல் மானியம் அறிவித்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. அண்டை வீட்டார் இருவரும் மூன்றாமவர் பணப்பையைப் பார்த்துக் காத்திருந்ததற்கு ஒத்துழைப்பு என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

டென்மார்க்கும் சுவீடனும் தங்களுக்கிடையிலான நீரிணைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட நாடுகள். அதன் குறுக்கே 2000-இல் திறக்கப்பட்ட ஓரேசுண்ட் பாலத்தை இரு தரப்பும் சரிபாதியாக உடைமை கொண்ட ஒரே நிறுவனம் நடத்துகிறது. கட்டக் கடன் வாங்கினார்கள், கடப்பவர் தரும் கட்டணத்தில் அடைக்கிறார்கள். ஒரு நாடு கைவிட்டாலும் மற்றது முழுக் கடனுக்கும் பொறுப்பு என்று இரண்டும் உத்தரவாதம் அளித்திருக்கின்றன. பரஸ்பர நம்பிக்கையைவிட, நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்ததைத்தான் நான் மெச்சுகிறேன்.

கட்டணம் என்ற சொல்லைக் கண்டதுமே வழிப்பறி என்று எனக்குக் கடிதம் எழுதும் பழைய நண்பர்கள் இம்முறையும் எழுதுவார்கள். வரியும் கூடாது, சுங்கமும் கூடாது என்பவர்கள், துரு தின்னாத இரும்பு எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன்.

இடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பிரென்ட் ஸ்பென்ஸை இடிக்கப்போவதில்லை. பக்கத்தில் புதிய பாலம் கட்டி நெடுந்தூர வண்டிகளை அதில் விட்டு, பழையதைச் செப்பனிட்டு உள்ளூர்ப் போக்குவரத்துக்கு வைத்துக்கொள்வதே திட்டம்.