மழையால் பால்வெட்டு இல்லாத நாளில் வீட்டில் என்ன விளையாடலாம்?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதி) இருக்கிறோம். கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறார், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறார். எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. 13, 9, 4 வயதில் மூன்று பிள்ளைகள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். சனி, ஞாயிறு வந்தால் ஈப்போவில் உள்ள மாலுக்குப் போகலாம் என்று ஒரே நச்சரிப்பு. போய் வந்தால் நூறு வெள்ளி (ரிங்கிட்) போன இடம் தெரிவதில்லை. போகாவிட்டால் ஆளுக்கொரு கைப்பேசியோடு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். காசு செலவில்லாமல் வீட்டிலேயே கலகலப்பாக இருக்க வழி உண்டா? கணவரோ களைத்துப்போய் எட்டரைக்கே படுத்துவிடுகிறார்.

பதில்: சகோதரி, மழை நாளைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே! விடியற்காலையில் மழை பிடித்தால் மரப்பட்டை நனைந்துவிடும், அன்று வெட்டு கிடையாது. கூலியும் அடிபடும். ஆனால் உங்கள் வீட்டில் கையில் காசு குறைகிற அதே நாளில்தான் அப்பா பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார். நான் பல ஆண்டுகள் பாலர் பள்ளியில் தோட்டத்துப் பிள்ளைகளோடு இருந்தவள். திங்கட்கிழமை காலையில் மாலுக்குப் போன கதையைச் சொன்ன பிள்ளைகளும் உண்டு. ஆனால் கண் விரியச் சொன்னது வேறு கதை: "டீச்சர், எங்க அப்பா தோத்துட்டாரு!"

ஆகவே பிள்ளைகளை ஆடவிட்டுப் பெரியவர்கள் வேடிக்கை பார்க்கும் விளையாட்டு வேண்டாம். நீங்களும் நிஜமாகவே தோற்கக்கூடியதாகப் பாருங்கள். என் முதல் தேர்வு பல்லாங்குழி. பலகை வாங்க வேண்டியதில்லை. 30 முட்டை வைக்கும் அட்டைத் தட்டில் நீள வரிசைக்கு 6 குழி இருக்கும். இரண்டு வரிசையை வெட்டி எடுத்தால் 12 குழி. முறைப்படி 14 வேண்டும்தான், ஆனால் 12-ல் ஆடினாலும் ஆட்டம் ஒன்றும் கெட்டுவிடாது. 14-தான் வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்தால் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

குழிக்கு 5 புளியங்கொட்டை. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு முறை எதிராளிக்குப் போய்விடும். நடுவில் ஏதாவது குழியில் 4 சேர்ந்தால் அது 'பசு', அந்தக் குழிக்காரருக்குச் சொந்தம். வீட்டுக்கு வீடு சட்டம் மாறும், ஆகவே உங்கள் வீட்டில் மாமியார் சொல்வதே சட்டமாக இருக்கட்டும். மலாய்க்காரர்களின் சொங்காக்கும் இதே குடும்பம்தான். அதில் வழக்கமாகப் பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 7 காய், இரு முனையிலும் ஆளுக்கொரு 'வீடு'. ஒன்பது வயதுக்காரர் பள்ளியில் பார்த்திருந்தால் பாட்டிக்கு அதைச் சொல்லிக் கொடுக்கட்டும். பாட்டி நிச்சயம் சண்டைக்கு வருவார், அதுவும் வேண்டியதுதான்.

காய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சாகா (ஆனைக்குன்றிமணி) மரத்தடியில் கிடக்கும் முழுச்சிவப்பு விதையை எடுக்கலாம். கொடியில் காய்க்கும், கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அது கடும் விஷம், மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கொட்டையானாலும் நான்கு வயதுப் பிள்ளை மூக்கில் போட்டுக்கொள்ளப் பார்க்கும். ஆட்டம் முடிந்ததும் எண்ணி டின்னில் போடும் வேலையை அதற்கே கொடுத்துவிட்டு, நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். எண்ணும் வந்துவிடும்.

பதின்மூன்று வயதுதான் சிக்கல். "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வயது. கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், அதிலேயே ஒரு வேலை கொடுங்கள். பாட்டியை உட்காரவைத்துப் பேட்டி எடுக்கட்டும். உங்கள் ஊர் சாதாரண ஊரா? 1948 ஜூன் 16-ல் அந்த வட்டாரத்தில்தான் வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. பாட்டியின் அம்மா அதைப் பற்றி என்ன சொன்னார்? அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தோட்ட மக்களுக்காகத் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டில் யார் பங்கு சேர்ந்தார்கள்? லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) முதன்முதலில் தொலைக்காட்சி வைத்தது யார் வீட்டில்? ஒரு தடவைக்கு மூன்று கேள்வி போதும். மறுநாள் குடும்பமே உட்கார்ந்து கேட்கலாம்.

கடைக்குட்டிக்கு மட்டும் கைப்பேசியில் கண்டிப்பு வேண்டும். 3, 4 வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி.

ஜெயித்தவருக்குப் பரிசு வேண்டுமே! ஐஸ்கிரீம் மலேசியா செய்யுங்கள். மைலோவோ ரோஸ் சிரப்போ பாலோடு கரைத்து, நீளப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, முடிச்சுப் போட்டு ராத்திரி முழுக்க உறையவைத்தால் ஆயிற்று. உறைந்தால் இனிப்பு மட்டுப்படும், அதனால் கரைசல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். அடுத்த வாரம் என்ன சுவை என்பதை ஜெயித்தவர் முடிவு செய்யட்டும்.

கணவர் எட்டரைக்குப் படுப்பதில் தப்பே இல்லை, விடியுமுன் எழுந்து மரத்துக்குப் போகிறவர். வேலை நாளில் அவரை விட்டுவிடுங்கள். வேலையிலிருந்து வரும்போது, கொட்டை வெடித்து விழும் காலமாக இருந்தால், சட்டைப் பையில் பத்து ரப்பர் கொட்டை கொண்டுவரச் சொல்லுங்கள், போதும். மழை நாளில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டும், எவர் கொட்டை உடையவில்லையோ அவர் ஜெயித்தார். உடைந்த பருப்பை யாரும் வாயில் வைக்கக் கூடாது, பச்சையாகத் தின்றால் அதிலிருந்து சயனைடு நஞ்சு உண்டாகும். கூட்டி வாரி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்காருங்கள். எந்தக் கொட்டை கெட்டியானது என்று பார்த்ததும் சொல்லிவிடுவார் உங்கள் கணவர். அதை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.