400 இணைப்பு வைத்திருக்கும் கேபிள்காரர் சொந்தமாக ஐஎஸ்பி உரிமம் எடுக்கலாமா?

கேட்டவர் மன்னார்குடி பக்கம் கேபிள் டிவி நடத்துகிறார். ஓர் ஐஎஸ்பியின் (இணையச் சேவை நிறுவனத்தின்) பிராஞ்சைஸியாக, அதாவது அவர்கள் உரிமத்தின் கீழ், 400 வீடுகளுக்கு பைபர் இணையமும் கொடுக்கிறார். உரிமத்தைத் தன் பேரிலேயே எடுத்தால் கட்டுப்படியாகுமா, எந்தெந்த விதியில் மாட்டுவோம் என்பது கேள்வி.

எடுக்கலாம். ஆனால் உரிமம் வாங்குவது இதில் சின்னச் செலவு. வாங்கிய பிறகு கணக்கும் லாகும் (யார், எப்போது, எந்த முகவரியில் இணையத்தில் இருந்தார் என்ற பதிவு) பராமரிக்கத்தான் பணமும் ஆளும் வேண்டும். அந்த இரண்டும் இப்போது ஒழுங்காக இல்லையென்றால், சரிசெய்யும்வரை பிராஞ்சைஸியாகவே இருப்பது மேல்.

தொலைத்தொடர்புத் துறை தரும் யூனிஃபைட் லைசென்ஸில் ஐஎஸ்பிக்கு மூன்று பிரிவு: ஏ பிரிவு நாடு முழுதுக்கும், பி ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும், சி ஓர் எஸ்எஸ்ஏவுக்கும் (வட்டத்துக்குள் அடங்கும் சிறிய தொலைபேசிப் பகுதி). உங்களுக்கு சி போதும். யூனிஃபைட் லைசென்ஸ் அட்டவணையில் அதற்கு நுழைவுக் கட்டணம் ரூ.20,000, வங்கி உத்தரவாதம் தனி. தனிநபர் பேரிலோ பார்ட்னர்ஷிப் பேரிலோ தரமாட்டார்கள், கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும். தஞ்சாவூரும் கும்பகோணமும் வேறு வேறு எஸ்எஸ்ஏ. எஸ்எஸ்ஏ எல்லை வருவாய் மாவட்ட எல்லையோடு ஒத்துப்போகாது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஊர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு எல்லையோரக் கிராமங்கள் எதில் வருகின்றன என்று பார்த்துவிடுங்கள்.

உரிமக் கட்டணம் ஏஜிஆரில் (அனுமதித்த கழிவுகள் போக மீதி மொத்த வருமானத்தில்) 8 சதவீதம். முதல் மூன்று காலாண்டுக்கும் காலாண்டு முடிந்த 15 நாளுக்குள் கட்ட வேண்டும். நான்காவதற்கு எதிர்பார்க்கும் வருமானத்தை மதிப்பிட்டு மார்ச் 25க்குள். தாமதித்தால் ஸ்டேட் பாங்கின் ஓராண்டு எம்சிஎல்ஆருக்கு (கடனுக்கான அடிப்படை வட்டிக்கு) மேல் 2 சதவீதம், ஆண்டுக் கூட்டுவட்டி. சிக்கல் வட்டியில் இல்லை, எதை வருமானம் என்று காட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. வரிக்கு முன் ரூ.500 வீதம் 400 இணைப்பு என்றால் காலாண்டுக்கு ரூ.6 லட்சம், கட்டணம் ரூ.48,000. நாளைக்கு நீங்கள் லைசென்ஸியாகி, பக்கத்து ஊரில் ஒருவரை உங்களுக்குக் கீழே வைத்து 60 சதவீதம் கமிஷன் கொடுத்தாலும், அந்த ஊரின் மொத்த பில் தொகையும் உங்கள் வருமானம்தான். கமிஷனைக் கழித்துவிட்டுக் காட்ட முடியாது. நிறுவல் கட்டணமும் சேரும், ஜிஎஸ்டி கழியும். 2021 அக்டோபருக்குப் பிறகு கேபிள் டிவி வருமானத்தையும் கழித்துக்கொள்ளலாம், அதற்கு பில் தனித்தனியாக இருக்க வேண்டும். "கேபிள் + நெட் ரூ.750" என்று ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்கும் நம்மூர் வழக்கம் தணிக்கையில் உதைக்கும்.

அடுத்தது லாக். சிஇஆர்டி-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலில் 180 நாள் லாக் வைக்கச் சொன்னதைப் படித்துவிட்டு, ஆறு மாதம் ஆனதும் பலர் அழித்துவிடுகிறார்கள். உரிம நிபந்தனை 2021 டிசம்பர் திருத்தத்திலிருந்து இரண்டு ஆண்டு. இரண்டுமே உங்களுக்குப் பொருந்தும், ஆகவே இரண்டு ஆண்டு. சைபர் சம்பவம் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்த சிஇஆர்டி-இன் உத்தரவில்தான்.

400 பேருக்கும் ஆளுக்கொரு பொது ஐபி (இணைய முகவரி) கிடைக்காது, நேட் போட்டு, அதாவது ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பங்கிட்டுத்தான் ஓட்டுவீர்கள். ஒரு பொது ஐபியில் 1024 முதல் 65535 வரை 64,512 போர்ட் (ஒரே ஐபியில் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்). ஆளுக்கு 2,000 கொடுத்தால் ஒரு ஐபியில் 32 பேர். போலீஸ் கடிதத்தில் ஐபியும் நேரமும் மட்டும் இருந்து போர்ட் எண் இல்லையென்றால் 32 பேரில் யார் என்று சொல்ல முடியாது. உத்தேசமாக ஒரு பெயரைக் கொடுக்காதீர்கள், போர்ட் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பக்கம் யூசர் ஐடி, மேக் (கருவியின் அடையாள எண்), உள் ஐபி, பொது ஐபி, போர்ட், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சென்றடைந்த ஐபி எல்லாம் ஒரே வரியில் தேடக் கிடைக்க வேண்டும்.

நேரத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ரேடியஸ் சர்வர் (யார் உள்நுழைந்தார் என்று பதிவது) ஐஎஸ்டியிலும் (இந்திய நேரம்) நேட் ரவுட்டர் யுடிசியிலும் (உலகப் பொது நேரம்) ஓடினால் ஐந்தரை மணி நேர வித்தியாசம். சம்பந்தமில்லாத வீட்டுக்குப் போலீஸ் போகும். டெல்டாவில் இன்னொன்றும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டால், கடிகார பேட்டரி இல்லாத ரவுட்டர்கள் திரும்ப எழும்போது 1970 ஜனவரி 1 என்று காட்டும். என்டிபி (நெட் வழியாக வரும் சரியான நேரம்) கிடைக்கும்வரை எழுதும் லாக் எல்லாம் அந்தத் தேதியில்தான் விழும். 2018 நவம்பர் கஜாவுக்குப் பிறகு எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு அமைப்புகளான என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோடு ஒத்துப்போகும் உள்ளூர் என்டிபி ஒன்றை வைத்து, அது கிடைத்த பிறகே பயனர் உள்நுழைய முடியும்படி ஸ்கிரிப்ட் போடுங்கள். லாக் சேமிக்கும் பெட்டி ஹெட்எண்டிலேயே (உங்கள் கட்டுப்பாட்டு அறையிலேயே) இருக்கட்டும், ஆனால் தினமும் ஒரு நகல் வேறு ஊருக்குப் போக வேண்டும்.

தளம் முடக்கும் உத்தரவுகள் மெயிலில் வரும். வேலையை விட்டுப்போன பையனின் ஜிமெயிலை நோடல் முகவரியாக (அரசு தொடர்புகொள்ளும் முகவரி) கொடுத்து வைக்காதீர்கள்.

2021 ஜூன் 15க்குப் பிறகு வாங்கி இணைக்கும் ஓஎல்டி (பைபர் இணைப்புகளைப் பிரித்துத் தரும் மையக் கருவி), ரவுட்டர் எல்லாம் நம்பகமான மூலம் என்று அனுமதி பெற்றவையாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று செகண்ட் ஹேண்ட் ஓஎல்டி எடுத்தால், பில்லும் இல்லை அனுமதியும் இல்லை என்று நிற்க நேரும்.

கடைசியாக வழித்தடம். ஈபி போஸ்ட்டில் இழுத்துக் கட்டிய கேபிளுக்கு அனுமதிக் கடிதம் உண்டா என்று தேடிப் பாருங்கள். பல இடங்களில் வாய்மொழிதான், உரிமம் உங்கள் பேருக்கு வந்த பிறகு அது எடுபடாது. வாய்க்கால், ஆறு குறுக்கே போகும் இடங்களுக்கு நீர்வளத்துறை அனுமதி தனியாக வேண்டும். கரையை வெட்டிக் குழாய் பதிக்கத் தோதான காலம், மேட்டூர் வழக்கமாக மூடும் ஜனவரி 28க்கும் திறக்கும் ஜூன் 12க்கும் நடுவில்தான். அனுமதி ஜூனில் கைக்கு வந்தால் அந்த வருடம் போச்சு. தீபாவளிக்கு முன்பே மனுவைப் போட்டுவிடுங்கள்.