வாசகர் கேள்வி: ராலி கார் பந்தயத்தில் கழுத்துக் காப்பு

கே: ரோல் கேஜ் (கார் நசுங்காமல் காக்கும் குழாய்க் கூண்டு), ஆறு முனை பெல்ட், நல்ல ஹெல்மெட் எல்லாம் போட்டாயிற்று. இதற்கு மேல் ஹான்ஸ் எதற்கு? (வாசகர், ஓசூர்)

பதில்: ஹான்ஸ் என்பது கழுத்தைச் சுற்றிப் போடும் காலர். அதன் இரு கால்கள் தோள் பெல்ட்டுக்கு அடியில் படியும், அதிலுள்ள வார் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ளும். பெல்ட் நன்றாகப் பிடிப்பதால்தான் இது தேவை. மரத்தில் மோதினால் பெல்ட் உடம்பைச் சீட்டோடு நிறுத்திவிடும். தலையைப் பிடிக்க ஆளில்லை. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஏறத்தாழ 6 கிலோ. 40 ஜி (புவியீர்ப்பைப் போல் 40 மடங்கு) அதிர்ச்சியில் அது 240 கிலோ இழுப்பாகிக் கழுத்தில் இறங்கும். அப்போது உடைவது மண்டையோட்டின் அடித்தளம், கழுத்தெலும்போடு சேரும் இடம். 1981-இல் பாட்ரிக் ஜாக்மார் என்ற பந்தய வீரர் இறந்த பிறகுதான் அவருடைய நண்பர் ஜிம் டவுனிங்கும், டவுனிங்கின் மைத்துனரான பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும் இந்தக் கருவியை உருவாக்கத் தொடங்கினார்கள். ஆனாலும் 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் சாகும்வரை பல ஓட்டுநர்கள் இதைச் சுமையாகவே நினைத்தார்கள். ஃபார்முலா 1-இல் 2003 முதல் கட்டாயம்.

ஹான்ஸ் என்பது 'ஹெட் அண்ட் நெக் சப்போர்ட்' என்பதன் சுருக்கம். பெட்டிக்கடையில் ஒளித்து விற்கும் பொட்டலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

கே: என் ஜிப்ஸியில் ஹான்ஸ் மாட்டினால் தோள் பெல்ட் வழுக்கி வெளியே போகிறது. பெல்ட் 3 அங்குலம். பின்பக்கம் தரையில் போல்ட் போட்டிருக்கிறேன். எந்தக் கோண ஹான்ஸ் வாங்கியிருக்க வேண்டும்? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: கோளாறு ஹான்ஸில் இருக்க வாய்ப்பு குறைவு, உங்கள் தரை போல்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். ராலி சீட்டில் நிமிர்ந்து உட்காருவதால் பெரும்பாலோருக்கு 20 டிகிரி மாடல் சரியாக இருக்கும். 30, 40 எல்லாம் சாய்ந்து படுத்து ஓட்டும் கார்களுக்கு.

தரையிலிருந்து வரும் பெல்ட் சீட்டின் தோளைத் தாண்டிச் செங்குத்தாக இறங்குகிறது. மோதலின்போது அது உங்களைப் பின்னால் இழுக்காமல் கீழே அழுத்தும். முதுகெலும்பு நசுங்கும், ஹான்ஸும் இடம் மாறும். சீட்டின் மேல் விளிம்பிலிருந்து பெல்ட் கிடைமட்டமாகவோ, 20 டிகிரிக்குள் சற்றுத் தாழ்ந்தோ பின்னால் போக வேண்டும். போனிலுள்ள லெவல் செயலியைப் பெல்ட் மீது வைத்தாலே அளந்துவிடலாம். இதற்கு ரோல் கேஜில், சீட்டுக்குப் பின்னால், குறுக்குக் குழாய் ஒன்று வேண்டும். பெல்ட்டை அதில் சுற்றிக் கட்டுங்கள். நீளமும் குறையும், நீளமான பெல்ட் அதிகம் இழுபடும்.

வழுக்குவதற்குக் காரணம், பின்னால் இரண்டு பெல்ட்டும் அகலமாக விலகியிருப்பது. கழுத்துக்கு நேர் பின்னால் நெருக்கிக் கட்டினால் ஹான்ஸின் இரு கால்களின் நடுவிலும் பெல்ட் படியும். 3 அங்குலம் தவறில்லை. ஆனால் ஹான்ஸ் பள்ளத்தில் 2 அங்குலம்தான் அழகாக உட்காரும். ஒரு எச்சரிக்கை: 2 அங்குல பெல்ட்டை ஹான்ஸ் இல்லாமல் வெறும் தோளில் போடக்கூடாது.

கட்டும் வரிசையும் முக்கியம். முதலில் இடுப்பு பெல்ட், வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல், இறுக்கமாக. பிறகே தோள். தோளை முதலில் இழுத்தால் இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும்.

கே: கோ-டிரைவர் நான். பேஸ் நோட்ஸ் (பாதையின் வளைவுகளை ஓட்டுநருக்கு வாசித்துச் சொல்லும் குறிப்பு) பார்க்கக் குனிந்தால் வார் இழுக்கிறது. வாரைக் கொஞ்சம் நீட்டித் தைக்கலாமா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: கூடவே கூடாது. நீட்டிய ஒவ்வொரு அங்குலமும் தலை சும்மா முன்னால் பறக்கும் தூரம். நோட்டைத் தொடையில் கிடத்தாமல், முழங்காலை உயர்த்தி அதில் சாய்த்துப் பிடியுங்கள். கழுத்தைவிடக் கண் அதிகம் இறங்கட்டும். வார் காலரின் பின்னால் நழுவி ஓடும் ரகமாக இருந்தால் பக்கவாட்டில் பார்க்கவும் தடையிருக்காது. இன்டர்காம் ஒயர் வாருக்கும் காலருக்கும் நடுவே சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். 'இழுக்கிறது' என்பதில் பாதி அந்த ஒயராக இருக்கலாம்.

கே: பழைய ஹான்ஸ் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பைக் ஹெல்மெட்டில் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்ளலாமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: ஹெல்மெட் விஷயத்தில் பதில் 'இல்லை' மட்டுமே. கார் பந்தய ஹெல்மெட்டில் வாரின் கொக்கிக்கென்று கெட்டியான வெளி ஓட்டுக்குள்ளேயே எம்6 (6 மி.மீ.) திருகுமரை பதித்திருப்பார்கள். பைக் ஹெல்மெட்டின் ஓட்டில் துளை போட்டால் அந்த இடம்தான் முதலில் கிழியும். அதன் உள்பஞ்சும் தீயைத் தாங்காது.

பழைய ஹான்ஸை எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) 8858 தர ஒட்டுவில்லை இல்லாமல் வாங்காதீர்கள். கால்களைச் சற்று முறுக்கிப் பாருங்கள்; கீறலும் சத்தமும் கூடாது. வாரின் தையலை விரலால் தடவுங்கள். நூல் பிசிறியிருந்தாலோ, வெயிலில் வெளுத்திருந்தாலோ வார் மாற்ற வேண்டும். விபத்தில் சிக்கியதென்றால் தயாரிப்பாளரின் பரிசோதனை இல்லாமல் தொடாதீர்கள். பெல்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு, பட்டையிலேயே தைத்திருக்கும். செம்மண் படிந்தால் சோப்புத் தண்ணீர் போதும், பெட்ரோலோ தின்னரோ வேண்டாம்.

கே: தொப்பூர் கணவாயில் தினமும் போகிறேன். என் காரிலும் போடலாமா? (வாசகர், தருமபுரி)

பதில்: வேண்டாம். சாதாரண மூன்று முனை பெல்ட் ஒரு தோளை மட்டுமே பிடிக்கும். ஹான்ஸ் நிற்க இரண்டு தோள் பெல்ட்டும் வேண்டும். லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போங்கள்.

கே: கார் தலைகீழாகக் கவிழ்ந்தால் ஹான்ஸோடு எப்படி வெளியே வருவது? (வாசகர், பென்னாகரம்)

பதில்: வாரைக் கழற்றிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு கையைக் கூரையில் ஊன்றி, மறு கையால் பக்கிளைத் திருப்புங்கள். ஊன்றாமல் திருப்பினால் மொத்த எடையும் கழுத்தில் விழும். பெல்ட் விலகியதும் ஹான்ஸ் ஹெல்மெட்டோடு சேர்ந்தே உங்களுடன் வரும். காலர் ஜன்னல் விளிம்பில் தட்டும் என்பதால் ஒரு தோளை முன்னால் நுழைத்து வெளியேறுங்கள். நிறுத்திய காரில் கண்ணை மூடிக்கொண்டு பத்துமுறை பழகிவிட்டால், ஸ்டேஜில் (ராலியில் நேரம் கணக்கிடும் ஓட்டப் பகுதியில்) கை தானாகப் பக்கிளைத் தேடிப் போகும்.