வெளி ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் எஃப், மறுநாள் ஜி

சுன்னாகத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறீர்கள். கலியாணப் படங்கள் உள்ள வெளி ஹார்ட் டிஸ்க்கின் டிரைவ் எழுத்து கணினியில் ஒரு நாள் எஃப் என்றும் மறுநாள் ஜி என்றும் வருகிறது, படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூமில் ஃபோல்டர்கள் எல்லாம் கேள்விக்குறியோடு நிற்கின்றன. இதுதானே? பயப்பட வேண்டாம், டிஸ்க்கில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. கமரா கார்டை முதலில் செருகியிருப்பீர்கள். காலியாகக் கிடந்த எஃப்பை அது பிடித்துக்கொண்டது. பிறகு வந்த டிஸ்க்குக்கு விண்டோஸ் அடுத்த எழுத்தைக் கொடுத்துவிட்டது.

லைட்ரூமை மூடிவிட்டு, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறவுங்கள். உங்கள் டிஸ்க்கின் பகுதியில் ரைட் கிளிக், சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ், பிறகு சேஞ்ச். எக்ஸ் மாதிரி ஆங்கில எழுத்து வரிசையின் கடைசிப் பக்கத்து எழுத்தாகக் கொடுங்கள். கார்டும் பென் டிரைவும் சாதாரணமாக அவ்வளவு தூரம் போகாது. டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிடும் ஃபார்மட்டும் அதே மெனுவில்தான் இருக்கிறது, கை தவறிவிடாமல் பாருங்கள்! கொடுத்த எழுத்தை விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்துக்கொள்ளும், ஆகவே கழற்றி மாட்டினாலும் எக்ஸ்தான்.

அப்புறம் லைட்ரூமில், கேள்விக்குறி உள்ள மேல் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர் வழியாகப் புது இடத்தை ஒருமுறை காட்டுங்கள். படங்களைத் திரும்ப இம்போர்ட் செய்ய வேண்டாம். அப்படிச் சேரும் பிரதிகளில் நீங்கள் செய்த எடிட் இருக்காது.

அல்பம் அடிக்கிற கடைக் கணினியில் வேறு எழுத்து வரலாம். இந்த ஏற்பாடு உங்கள் கணினிக்கு மட்டும்தான்.