டூரிஸ்ட் கார்டு விசா ஆகாது: தெற்கு மெக்சிகோவுக்கு மூட்டை கட்டும் முன்

கேள்வி: டாலஸில் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறேன். என் பாஸ்போர்ட்டில் உள்ள விசாவுக்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆயுள் இருக்கிறது. மனைவிக்கு, ஹெச்-1பிகாரரின் துணைவருக்குத் தரும் ஹெச்-4. அவருடைய ஸ்டாம்ப், அதாவது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, போன வருடமே முடிந்துவிட்டது, ஆனால் ஐ-797 நீட்டிப்பு கையில் உண்டு. பிப்ரவரியில் 18 நாள், முதுகுப்பையோடு வஹாகா, புவேர்ட்டோ எஸ்கொண்டிடோ, மசுந்தே, சிபொலீத்தே பார்த்துவிட்டு, கடைசியில் பஸ்ஸில் சான் கிறிஸ்டோபல் போகத் திட்டம். "விசாவே வேண்டாம், 350 டாலர் கொடுங்கள், இரண்டு பேருக்கும் டூரிஸ்ட் கார்டு எடுத்துத் தருகிறேன்" என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா? வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பார்களாமே?

பதில்: நம்ப வேண்டாம். உங்களுக்கு மெக்சிகோ விசா தேவையில்லை. உங்கள் மனைவிக்குத் தேவை. டூரிஸ்ட் கார்டு இந்த இரண்டில் எதையும் மாற்றாது.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் மெக்சிகோவுக்குப் போக விசா வாங்க வேண்டும் என்பது பொது விதி. செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தால் விலக்கு. 180 நாள் வரை சுற்றுலாவுக்கு அனுமதிக்கலாம். உங்கள் விசாத் தாளில் 'என்ட்ரீஸ்' என்ற கட்டத்தில் 'எம்' என்ற எழுத்து இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பலமுறை நுழையலாம் என்பதற்கான அடையாளம் அது.

ஏஜென்ட் சொல்லும் டூரிஸ்ட் கார்டு, எஃப்.எம்.எம். என்ற நுழைவுப் படிவம்தான். பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண் எழுதும் ஒரு சின்னத் தாள். விமானத்தில் போகிறவருக்கு அதற்கான கட்டணம் டிக்கெட் விலையிலேயே அடங்கியிருக்கிறது. பெரும்பாலான விமான நிலையங்களில் இப்போது அந்தத் தாள்கூட இல்லை, வெறும் முத்திரைதான். டிக்கெட்டோடு ஏற்கெனவே கட்டிவிட்டதற்கு இன்னொரு முறை 350 டாலர் கேட்கிறார். அரசு முத்திரை போலப் படம் போட்டு இதையே விற்கும் இணையதளங்களும் உண்டு. மனைவியின் ஸ்டாம்ப் முடிந்ததைத் தெரிந்துகொண்டே இப்படிச் சொல்லியிருந்தால் அது அறியாமை அல்ல, மோசடி. டாலஸ் விமான நிலையத்தில் செக்-இன் கவுண்ட்டரிலேயே மனைவியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

இங்கே எல்லோரும் குழம்பும் ஒரு விஷயத்தை மெதுவாகச் சொல்கிறேன். உங்கள் பயணத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று, மெக்சிகோவுக்குள் நுழையும் வாசல். இன்னொன்று, அமெரிக்காவுக்குத் திரும்பும் வாசல். ஐ-797 என்பது அமெரிக்கக் குடியேற்றத் துறை கொடுத்த ஒப்புதல் கடிதம். அது விசா அல்ல. முதல் வாசலில் மெக்சிகோ அதை மதிக்காது. ஆனால் இரண்டாவது வாசலில் அதற்கு மதிப்பு உண்டு. ஸ்டாம்ப் முடிந்தவரும் மெக்சிகோவிலோ கனடாவிலோ 30 நாளுக்குள் இருந்துவிட்டு, செல்லுபடியாகும் ஐ-94 (எந்தத் தேதி வரை அமெரிக்காவில் தங்கலாம் என்ற பதிவு) காட்டித் திரும்பலாம் என்று அமெரிக்க விதி ஒன்று இருக்கிறது. 'ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்' என்பார்கள். "ஸ்டாம்ப் இல்லாமலே மெக்சிகோ போய் வந்தோம்" என்று நண்பர்கள் சொல்வது இந்த இரண்டாவது வாசலைப் பற்றித்தான். முதல் வாசலுக்கு அவர்கள் மெக்சிகோ விசா வாங்கியிருப்பார்கள். அதைச் சொல்ல மறந்திருப்பார்கள்.

இரண்டாவது வாசலில் கிடைக்கும் இந்த விலக்கு நிற்க சில நிபந்தனைகள். ஐ-797 உங்கள் பெயரில் இருந்தால் மனைவிக்கு உதவாது, அவர் பெயரில் தனியாக வந்ததாக இருக்க வேண்டும். அதன் அடியில் கிழித்தெடுக்கும்படி அச்சிட்ட துண்டுதான் அவருடைய புதிய ஐ-94. இணையதளத்தில் பார்த்தால் கடைசியாக அமெரிக்காவில் இறங்கிய அன்று கொடுத்த பழைய தேதியே வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதை மட்டும் அச்சிட்டு எடுத்துப் போகவும் வேண்டாம். ஒரிஜினல் தாள் பயணம் முழுக்கக் கூடவே இருக்கட்டும். மிக முக்கியமானது: "போன கையோடு மெக்சிகோவிலேயே ஸ்டாம்பிங் முடித்துவிடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்த நிமிடமே இந்த விலக்கு போய்விடும். விண்ணப்பம் நிலுவையில் நின்றாலும் மறுக்கப்பட்டாலும் திரும்ப வழியில்லை. விதியின் எண் 22 சி.எஃப்.ஆர். 41.112(டி). அந்தப் பக்கத்தை அச்சிட்டு வையுங்கள், ஏனென்றால் திரும்பும்போது விமான நிறுவனக் கவுண்ட்டரில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மனைவிக்கான மெக்சிகோ விசாவை டாலஸில் உள்ள மெக்சிகோ தூதரகத்திலேயே வாங்கலாம். அப்பாயின்ட்மென்ட் இலவசம். கட்டணம் 50 டாலரை ஒட்டி, கவுண்ட்டரில் மட்டுமே கட்டுவது. பாஸ்போர்ட், புகைப்படம், பூர்த்தி செய்த படிவம், ஐ-797, ஐ-94, திருமணச் சான்றிதழ், உங்கள் சம்பளச் சீட்டுகள், குறைந்தது மூன்று மாத வங்கி விவரம் ஆகியவற்றை ஒரிஜினலும் நகலுமாக எடுத்துச் செல்லுங்கள். சிக்கல் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்தான். புதிய தேதிகள் திறந்த வேகத்தில் இடைத்தரகர்கள் வாரிக்கொண்டு, இலவசமாகக் கிடைக்க வேண்டியதைக் காசுக்கு விற்கிறார்கள். தூதரகங்களுக்கு இது தெரியாத செய்தி அல்ல, ஆண்டுக்கணக்கில் எச்சரிக்கை ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காலையும் இரவும் நீங்களே முயலுங்கள். டாலஸில் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்த் தூதரகங்களில் ஏற்பார்களா என்று கேளுங்கள். விசா கையில் வரும் வரை, பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

இறங்கியதும் குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தி, எத்தனை நாள் என்று பேனாவால் எழுதுவார். 180 என்பது உச்ச வரம்புதான், உரிமை அல்ல. "30 நாள் வேண்டும்" என்று கேளுங்கள். திரும்பும் டிக்கெட், முதல் சில இரவுகளின் தங்குமிடம், பயணத் திட்டம் மூன்றையும் காகிதமாக நீட்டுங்கள். கவுண்ட்டரை விட்டு நகரும் முன் இரண்டு பாஸ்போர்ட்டிலும் அந்த எண்ணைப் படியுங்கள். கிறுக்கலில் 10-ஆ 70-ஆ என்று புரியவில்லை என்றால் அங்கேயே கேட்டுத் திருத்துங்கள். சுற்றுலா அனுமதிக்கு உள்ளே போனபின் நீட்டிப்பு கிடையாது.

சாலைச் சோதனைக்கு வருவோம். வஹாகாவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் வழியில் இது பெரிய தொல்லை இல்லை. 2024 பிப்ரவரியில் திறந்த பர்ராங்கா லார்கா–வென்டனிலியா நெடுஞ்சாலையால் ஆறேழு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரமாகிவிட்டது. வேன் டிக்கெட் வாங்கும்போது "போர் லா அவுட்டோபிஸ்டா?" (நெடுஞ்சாலை வழியாகவா?) என்று கேளுங்கள், பழைய மலைப்பாதையில் போகும் வண்டியில் ஏறினால் வளைவுகளில் வயிறு புரட்டிவிடும். மசுந்தேக்கு, 200-ஆம் எண் சாலையில் சான் அன்டோனியோ பிரிவில் இறங்கினால் பெஞ்சு போட்ட பிக்அப் வண்டிகள் வரும்.

தொல்லை அடுத்த கட்டத்தில்தான். மசுந்தேக்குப் பக்கத்து ஊரான போச்சுத்லாவிலிருந்து சான் கிறிஸ்டோபலுக்குச் சுமார் 12 மணி நேர இரவு பஸ், தெவான்டெபெக் நிலசந்தி வழியாகச் சியாப்பாஸ் மாநிலத்துக்குப் போகும். குவாத்தமாலா எல்லையை ஒட்டிய தபச்சுலாவிலிருந்து அமெரிக்க எல்லை நோக்கிப் போகிற அகதிகள், அவர்களில் இந்தியர்களும் உண்டு, எதிர்த்திசையில் வரும் பாதை இது. நடுராத்திரியில் விளக்கைப் போட்டு, குடியேற்ற அதிகாரிகள் இருவர் ஏறி, முகம் பார்த்து "டொக்குமென்டோஸ்" என்பார்கள். உங்கள் நிறத்துக்குக் கட்டாயம் கேட்பார்கள். இப்படி முகம் பார்த்துப் பிடிக்கும் சோதனை அரசமைப்புக்கு முரண் என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றத்தின் முதல் அமர்வு 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. சியாப்பாஸைச் சேர்ந்த செல்தால் பழங்குடி இளையவர்கள் மூவரையே வெளிநாட்டவர் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்து வைத்த வழக்கு அது. தீர்ப்புக்குப் பிறகும் சாலையில் நிலைமை மாறவில்லை. சொந்த மக்களுக்கே இந்தக் கதி என்பது ஆத்திரமூட்டுகிறது.

பாஸ்போர்ட்டை முதுகுப்பையில் வைத்தால் அது பஸ்ஸின் அடிவயிற்றில் போய்விடும். அதிகாரி மேலே நிற்பார். இடுப்புப் பையில் வையுங்கள். முத்திரைப் பக்கத்தைத் திறந்தே கொடுங்கள், நகலோ கைபேசிப் படமோ போதாது. பணம் கேட்டால் எழுத்தில் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

பணம்: மசுந்தேயில் ஏ.டி.எம்.மை நம்ப முடியாது. புவேர்ட்டோ எஸ்கொண்டிடோவிலோ போச்சுத்லாவிலோ பெசோ எடுத்துக்கொள்ளுங்கள். "டாலராக மாற்றட்டுமா?" என்று திரையில் கேட்டால் மறுத்துவிடுங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் நஷ்டம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விசாத் தவறு பணத்தோடு போகும், கடலில் செய்யும் தவறு அப்படி அல்ல. புவேர்ட்டோ எஸ்கொண்டிடோவின் சிகத்தேலா, மற்றும் சிபொலீத்தே கடற்கரைகளில் உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமானது. நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துப் போகும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். நிம்மதியாகக் குளிக்க வேண்டுமென்றால் புவேர்ட்டோ எஸ்கொண்டிடோவில் கரிசலீயோ விரிகுடா இருக்கிறது. 150-க்கு மேல் படிகள் இறங்க வேண்டும், காலையிலேயே போங்கள்.