சர்வேயர் வரும்வரை கூரையைத் தொடக்கூடாதா?

கடலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "புயலில் எங்கள் சீமை ஓட்டு வீட்டின் பின்பக்கக் கூரை பாதிக்கு மேல் பெயர்ந்துவிட்டது. மழை உள்ளேயே விழுகிறது. இன்ஷூரன்ஸ் ஆள் பார்க்கும்வரை எதையும் தொட்டால் பணம் வராது என்கிறார் மைத்துனர். வீட்டுக்கடன் இன்னும் ஓடுகிறது. என்ன செய்வது?"

இன்றைக்கே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். உங்கள் மைத்துனர் சொல்வது நிரந்தர வேலைக்குத்தான் பொருந்தும். புது ஓடு வேய்வது, ரீப்பர், சட்டம் மாற்றுவது இதெல்லாம் சர்வேயர், அதாவது சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் ஆள், பார்த்த பிறகு. ஆனால் சேதம் மேலும் கூடாமல் தடுப்பது பாலிசிதாரரின் பொறுப்பு. கூரையைத் திறந்தே போட்டுச் சுவரும் பீரோவும் ஊறிப்போனால், அந்தச் செலவைக் கழிக்கக் கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடும். தார்ப்பாய், கயிறு, ஆள்கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள். ஈர ஓட்டின் மேல் நீங்கள் ஏற வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பழகிய ஆளை ஏற்றுங்கள்.

மூடுவதற்கு முன் படம் எடுப்பதில்தான் கவனம் வேண்டும். கூரை கிளைம்களில் பெரிய தகராறு, 'இது புயலால் வந்ததா, பழசாகி உளுத்துப்போனதா' என்பதுதான். புயல் சேதத்துக்குத்தான் காப்பீடு, பராமரிக்காமல் விட்டதற்கு அல்ல. ஆகவே உடைந்த ஓட்டை மட்டும் எடுக்காதீர்கள். பெயராமல் நிற்கும் முன்பக்கக் கூரை, முறிந்த சட்டத்தின் உள்மரம், காற்று வந்த திசையில் சாய்ந்த மரங்கள் எல்லாம் படத்தில் வரட்டும். வீடு முழுதும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோவும் எடுங்கள். கிரகப்பிரவேசமோ பொங்கலோ, பழைய குடும்பப் படத்தில் கூரை நன்றாக இருந்தது தெரிந்தால் அது நல்ல சாட்சி. உடைந்த ஓடுகளை ஓர் ஓரமாகக் குவித்து வையுங்கள், சர்வேயர் வந்து போகும்வரை குப்பைக்குப் போக வேண்டாம்.

அடுத்து, பாலிசியைத் தேடுங்கள். கடன் கொடுத்த வங்கியே வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருக்கக்கூடும், கடன் வாங்கியவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். அதே சமயம், கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் காப்பீடு வேறு. அதைக் காட்டி ஓட்டுக்குப் பணம் கேட்க முடியாது. வங்கியில் போய், 'கட்டடத்துக்கான பாலிசி நகல் வேண்டும்' என்று தெளிவாகக் கேளுங்கள். பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்தால் பணம் வங்கி வழியாக வரக்கூடும், அதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' பாலிசியாக இருந்தால் உங்களுக்கு நல்லது. புயல், வெள்ளம் இரண்டும் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்திருந்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களும் தாமாகவே சேர்ந்துவிடும். நனைந்த மெத்தை, மிக்ஸி, டிவி எதையும் விடாமல் பட்டியல் போடுங்கள். வீட்டு மதிப்பைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி இழப்பீட்டை விகிதப்படி வெட்டுவதும் இந்தப் பாலிசியில் கிடையாது. இதைப் பலர் அறியாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

கம்பெனிக்கு இன்றே போன் செய்து கிளைம் எண் வாங்குங்கள். அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். சர்வேயருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனிதான், நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. அவர் வரும் நாளில் உங்கள் கொத்தனாரும் தச்சரும் கூட இருக்கட்டும். 'கூரை வேலை, மொத்தம் இவ்வளவு' என்று ஒற்றை வரியில் எழுதிய மதிப்பீடு எடுபடாது. ஓடு எத்தனை, முகட்டு ஓடு எத்தனை, மரம் எத்தனை அடி, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

தொகை குறைவாக வந்தால், எதை எதற்காகக் கழித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதற்குமுன் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகாரைப் பதியலாம்.